இஸ்திரி வெட்டுன எட்டுப் பலகை

என் நாத்தனாருக்குன்னு ஒரு பேரு இருக்கு. பெத்தவங்க ஆசையா வச்சதுதான். ஆனா அதைச் சொல்லிக் கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்க மாட்டா. தெருவுல எல்லாருக்கும் அவ இஸ்திரி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நின்னு நின்னு துணி தேச்சே வயசைக் கழிச்சவ. டாக்டருங்க போடுற வெள்ளைக் கோட்டு, படுக்கை விரிப்பு, ஆபரேஷன் ரூம் துணி, எல்லாம் அவ கை பட்டுத்தான் போகும். அவ தேச்ச மடிப்பு நடந்து போனாலும் கலையாது. அவளை மாதிரியே விறைப்பா நிக்கும்.

கட்டிக்கிட்டவன் ரெண்டு வருஷத்துல கம்பி நீட்டிட்டான். எங்க போனான்னு இவளும் தேடல, நாங்களும் தேடல. ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. அப்ப நான் கல்யாணம் ஆகி வந்த புதுசு. எனக்கு எரிச்சல்தான், ஏன் பொய் சொல்லணும். ஒரு அடுப்படியில ரெண்டு பேருன்னா கரண்டியே ஆயுதமாயிடும். அவ வச்ச பாத்திரத்தை நான் நகத்துவேன், நான் வச்சதை அவ நகத்துவா. என் வீட்டுக்காரர் நடுவுல மாட்டிக்கிட்டு முழிப்பாரு. இப்ப அவரு போயி ரொம்ப காலம் ஆச்சு. நாங்க ரெண்டு பேரும்தான் மிச்சம். இன்னமும் பாத்திரத்தை நகத்திக்கிட்டுத்தான் இருக்கோம்.

அவ வேலையிலிருந்து ஓய்வு வாங்கினப்போ, அவ அம்மா இருக்காங்களே, அதாவது என் மாமியாரு, அவங்க படத்துக்கு ஒரு சட்டம் போடணும்னு தச்சன்கிட்ட போனா. வெறும் சட்டம் இல்ல, உள்பக்கம் வளைவா பள்ளம் குடைஞ்ச சட்டம். அவன் "அந்த வளைவுக்கெல்லாம் நேரம் இல்லம்மா, நேர் சட்டம் வேணும்னா வாங்கிட்டுப் போ"ன்னுட்டான். இவளுக்கு வந்துச்சே கோபம். "வளைவு வராதுன்னா சொல்லு, நேரம் இல்லன்னு ஏன் சொல்ற?"ன்னு கேட்டுட்டு வந்துட்டா. அடுத்த மாசம் ஒரு லாரி வந்து வாசல்ல நின்னுச்சு. ரெண்டு ஆளு ஒரு ரம்ப மேஜையை இறக்குறாங்க. இரும்பு மேஜை, நடுவுல ஒரு கீறல், அந்தக் கீறல் வழியா வட்ட பிளேடு பல்லைக் காட்டிக்கிட்டு எட்டிப் பாக்குது. எங்கயோ மூடுன பட்டறையில பழசா வாங்கினாளாம்.

"ஏன்டி, ஓய்வுன்னா உக்காந்து ரெண்டு சீரியல் பாப்பாங்க. நீ விரலை வெட்டிக்கப் போறியா?"ன்னேன்.

"பத்து விரலும் வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணிட்டீங்க அண்ணி?"ன்னா.

இப்படித்தான் பேச்சு.

வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு இருக்கு. என் வீட்டுக்காரரு வண்டி நிறுத்தின இடம். அங்க மேஜையை நிறுத்தி, தரையில ஓட்டை போட்டு, போல்ட்டு இறுக்கி வச்சாச்சு. அந்தத் தரையைப் போட்டது என் பையன். அவன் டைல்ஸ் போடுறவன். அவன் போட்ட தரையில கோலிக்குண்டை வச்சீங்கன்னா வச்ச இடத்துலயே நிக்கும். அப்படி மட்டம். அவனுக்குக் கோணல்னாலே உடம்புக்கு ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் செவுத்துல படம் சாஞ்சிருந்தா எழுந்து போய் நேராக்கிட்டு வந்துதான் உக்காருவான். ஒரு தடவ துக்க வீட்டுலயே இப்படிப் பண்ணிட்டான். நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

இவ ஷெட்டுல போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்னா சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். தலை முடியெல்லாம் மரத்தூள். சோத்துல மரத்தூள். என் தலகாணியிலயும் மரத்தூள். வளைவுப் பள்ளம் வெட்டுறதை அவ "வாய்க்கா வெட்டுறேன்"னுதான் சொல்லுவா. பாத்தாலும் அப்படித்தான் இருக்கும், பலகையோட ஒரு முகத்துல நீளத்துக்கும் வழவழன்னு ஒரு வாய்க்கா. தண்ணி ஊத்தினா ஓடும்.

அதை எப்படி வெட்டுறான்னு ஒருநாள் போய்ப் பாத்தேன். நேரா ஓடுற பிளேடு எப்படி வளைவா வெட்டும்னு எனக்கு மண்டையில ஏறல. அவ சொன்னா, "பலகையை நேரா தள்ளினா கோடுதான் விழும். சாய்வா தள்ளணும். பிளேடுக்குக் குறுக்கால, கோணலா." அதுக்கு மேஜை மேல ரெண்டு நீளக் கட்டையைக் கோணலா வச்சு கிளாம்ப்னு இரும்புப் பிடி போட்டு இறுக்கிடுவா. நடுவுல ஒரு சந்து. அந்தச் சந்துல பலகையைக் குப்புறப் போட்டுத் தள்ளணும். பிளேடை நகக்கண் அளவுதான் மேல ஏத்தி வைப்பா. ஒரு தடவ தள்ளினா பூனை நக்குன மாதிரி ஒரு பள்ளம். இன்னும் கொஞ்சம் ஏத்து, மறுபடி தள்ளு. அவசரப்பட்டு ஒரேடியா ஏத்தினா பலகை எகிறி மூஞ்சில அடிக்கும். கட்டை எவ்வளவு கோணலா இருக்குங்கறதுலதான் வளைவோட உருவமே இருக்கு. கொஞ்சம் கோணல்னா ஒடுக்கமான வாய்க்கா, நல்லா கோணல்னா அகலமான வாய்க்கா. வெட்டி முடிஞ்சதும் ஒரு ரப்பர் குழாய்த் துண்டுல உப்புத்தாளைச் சுத்தி, சட்டைக் கை தேய்க்கிற மாதிரியே தேய்ப்பா. அந்தக் கை மட்டும் மாறவே இல்ல.

இப்படியே வருஷக்கணக்கா போய்க்கிட்டு இருந்துச்சு. அப்புறம் தனி வீட்டுல இருக்கிற என் பையன் ஒருநாள் வந்து, "அத்தை, ஷெட்டு எனக்கு வேணும். டைல்ஸ் பெட்டி வைக்க இடம் இல்ல"ன்னான்.

அவ டீ ஆத்திக்கிட்டு இருந்தா. ஆத்துறதை நிறுத்தல. "என் மெஷின் எங்க போகும்?"

"அதை வித்துடலாமே. உங்களுக்கும் வயசாகுது. பொழுதுபோக்குக்குத்தானே?"

பொழுதுபோக்குன்னு அவன் சொல்லியிருக்கக் கூடாது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். வெடிக்கும்னு தெரியும்.

வெடிக்கல. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. டம்ளரைக் கீழ வச்சுட்டு மெதுவா கேட்டா. "உன் வீட்டு முன்ரூம்ல செவுரும் கூரையும் சேர்ற இடத்துல சுத்தி விரிசல் விட்டிருக்குல்ல? அதை மறைக்க வளைவுப் பலகை அடிக்கணும்னு உன் பொண்டாட்டி சொல்லிட்டு இருக்கால்ல? அதை நான் வெட்டித் தரேன். அப்புறம் சொல்லு பொழுதுபோக்கா இல்லையான்னு."

அவன் தொழில்காரன்ல, கறாராப் பேசினான். "எட்டுப் பலகை வேணும் அத்தை. எட்டும் ஒண்ணு போல இருக்கணும். ஒரு பலகை முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற இடத்துல விரல் வச்சா தட்டக் கூடாது. அப்படி வந்துச்சுன்னா ஷெட்டு உங்களுக்கு, நான் வாயே திறக்க மாட்டேன். ஒண்ணு பிசகினாலும் மெஷினை வித்துடணும்."

"சரி"ன்னா.

வீடு என் பேருல இருக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னா அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடிருவான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவ என் கையைப் பிடிச்சு அமுக்கினா. அவன் போனதும், "நடுவுல வராதீங்க அண்ணி. வந்த நாள்லேந்து நீங்க கொடுத்த இடத்துலதான் இருக்கேன். இந்த ஒரு இடத்தையாவது நானே வாங்கிக்கறேன்"னா.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா காட்டிக்கல. "போய்த் தொலை"ன்னேன்.

என் பையனே மரம் வாங்கிப் போட்டான். எட்டே எட்டுப் பலகை, எல்லாம் ஒரே மரத்துல அறுத்தது. அந்த நிறத்துல, அந்த ரேகையில இன்னொண்ணு வேணும்னா கிடைக்காதுன்னு கடைக்காரன் சொல்லிட்டானாம். இவ முதல்ல கழிவுக் கட்டையில வெட்டிப் பாத்து, கோணலா வச்ச கட்டையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி வெட்டிப் பாத்து, கண்ணுக்குப் பிடிச்ச வளைவு வர்ற வரைக்கும் திருப்பித் திருப்பி வச்சா. கணக்கு வழக்கு ஒண்ணும் கிடையாது, கண்ணுதான் கணக்கு. வந்ததும் கிளாம்பை இறுக்கிட்டு ஆரம்பிச்சா. ஒரு பலகையை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போக மாட்டா. பிளேடை ஒரு உயரத்துல வச்சு எட்டையும் தள்ளுவா, அப்புறம் ஏத்தி மறுபடி எட்டையும் தள்ளுவா. எட்டுப் பேருக்கும் ஒரே பந்தியில பரிமாறுற மாதிரி.

பாதி ஆழம் வந்தப்ப மதியச் சாப்பாட்டுக்கு வந்தா. சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசந்தா. நானும் அசந்துட்டேன். அந்த நேரம் பாத்து என் பையன் வந்துட்டுப் போயிருக்கான். ஷெட்டுல எத்தனை பெட்டி கொள்ளும்னு அளந்து பாக்க. அதுக்குள்ள ஜெயிச்சுட்ட நெனப்பு அவனுக்கு.

இஸ்திரி எழுந்து ஷெட்டுக்குப் போனா. மெஷின் சத்தம் வரல. அப்புறம், "அண்ணீ"ன்னு ஒரு குரல். விரல் போயிடுச்சுன்னே நெனச்சுட்டேன். வெறுங்காலோட ஓடினேன்.

பத்து விரலும் இருந்துச்சு. அவ மேஜையைக் காட்டினா. கோணலா இருந்த ரெண்டு கட்டையும் இப்ப நேரா இருக்கு. சும்மா நேரா இல்ல, மேஜை ஓரத்துலேந்து இந்த முனையும் அந்த முனையும் ஒரே அளவு, மயிரிழை தப்பாம. கிளாம்பெல்லாம் பழையபடி நல்லா இறுக்கி இருக்கு. பிளேடு வேற கீழ இறங்கி இருக்கு.

"திருடனா?"ன்னேன்.

"எந்தத் திருடன் அண்ணி அளந்து நேராக்கிட்டுப் போவான்?"னா.

எனக்குப் புரிஞ்சு போச்சு. என் வயித்துல பொறந்தது ஒண்ணே ஒண்ணு, அதுவும் இப்படி. கோணலா இருக்கேன்னு அத்தைக்கு உதவி பண்ணிட்டுப் போயிருக்கான். பிளேடு மேல நீட்டிக்கிட்டு இருக்கேன்னு பத்திரமா இறக்கிட்டும் போயிருக்கான்.

"இரு, அவனுக்குப் போனைப் போட்டு நாலு வாங்கு வாங்கறேன்."

"வேணாம். போன் போட்டா கோணம் திரும்பி வருமா?"

அவளுக்கும் பதட்டம்தான், வெளிய காட்டிக்க மாட்டா. கட்டையைக் கழட்டி, இப்படித்தான் இருந்துச்சுன்னு கண் நிதானத்துல கோணலா வச்சு இறுக்கினா. பிளேடை ஏத்தினா. ஒரு பலகையைக் குப்புறப் போட்டுத் தள்ளினா. பாதி தூரம் போயிருக்கும், சத்தம் மாறுச்சு. எனக்கே கேட்டுச்சு. அதுவரைக்கும் ம்ம்ம்னு ஓடினது கர்ர்ருனு ஒரு பக்கமா கடிக்குது. பாதியில இழுத்தா ஆபத்து, அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுசாத் தள்ளி முடிச்சுட்டு ஸ்விட்சை அணைச்சா. பலகையைத் திருப்பினா. வாய்க்கா ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. ஒரு கரை உசரம், ஒரு கரை பள்ளம்.

அவ அப்படியே ஒரு மரப்பெட்டி மேல உக்காந்துட்டா. "போச்சு அண்ணி. அவசரப்பட்டுட்டேன்."

புருஷன் போனப்பகூட இந்த மூஞ்சியை நான் பாக்கல. அழுதா நானும் திட்டித் தேத்தியிருப்பேன். அழல. கையில இருந்த தூளைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா.

"மிச்சம் ஏழு இருக்குல்ல?"ன்னேன்.

"ஒண்ணு பிசகினாலும்னு சொன்னான்ல."

"அவன் சொன்னான். அவனை நான் பெத்தேன். ஏழையும் முடி முதல்ல. ஆரம்பிச்ச வேலையைப் பாதியில போட்டுட்டு எந்திரிக்கிறவளா நீ? ஆஸ்பத்திரியில ஒரு கை மட்டும் தேச்ச சட்டையையா அனுப்புனே?"

அதைச் சொன்னதும் என்னைப் பாத்தா. அப்புறம் அந்த ஏழு பலகையைப் பாத்தா. "சட்டைக் கை..."ன்னு முணுமுணுத்தா. "அண்ணி, சட்டைக் கைக்கு உள்ள ஒரு கட்டை விடுவோம். கட்டை சரியா இருந்தா துணி ஆடாது. சுருக்கம் விழாது."

எனக்கு ஒண்ணும் விளங்கல. அவ எந்திரிச்சு பிளக்கைப் பிடுங்கினா. கட்டை ரெண்டையும் கழட்டித் தூரப் போட்டா. கெடாத பலகை ஒண்ணை எடுத்து, வாய்க்கா கீழ பாக்க, பிளேடு மேலயே கவுத்தா. பிளேடுதானே அந்த வாய்க்காவை வெட்டுச்சு, அப்ப அந்த பிளேடு அதுக்குள்ள ஒரே ஒரு கோணத்துலதான் ஒழுங்கா உக்காரும். அதுதான் அவ கண்டுபிடிச்சது. சக்கரத்தைச் சுத்தி பிளேடை மெல்ல மெல்ல ஏத்தினா. என்னைக் குனிஞ்சு டார்ச் அடிக்கச் சொன்னா. என் முட்டி என்னைத் திட்டுச்சு.

"முன்பல்லு கரையைத் தொடுதா?"

"தொடல. நடுவுல வெளிச்சம் தெரியுது."

பலகையைக் கொஞ்சம் திருப்பினா. "இப்ப?"

"முன்னாடி தொடுது. பின்னாடி தொடல."

"இப்ப?"

"ஏய், ரொம்பத் திருப்பிட்ட. ஆடுது."

"உங்க கைதான் அண்ணி ஆடுது."

"எழுபத்தஞ்சு வயசுக் கை, ஆடாம பாடுமா? ம், நில்லு. நில்லு! ரெண்டு பக்கமும் தொடுது."

பலகையை அமுக்கிப் பாத்தா. அசையல. கல்லு மாதிரி உக்காந்துடுச்சு. அப்படியே ரெண்டு கட்டையையும் அதுக்கு அணைச்சு வச்சு கிளாம்ப் போட்டா. பிளேடைக் கையால சுத்திப் பாத்தா. பல்லு வாய்க்காவை ஒரே சீரா உரசிக்கிட்டுப் போச்சு. பிளக்கைச் சொருகி, பிளேடை ஒரு நகக்கண் ஏத்தி, முதல் பலகையைத் தள்ளினா. ம்ம்ம்னு போச்சு. அந்தச் சத்தம் இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வெளியில சொல்லல, சொன்னா தலையில ஏறி உக்காந்துக்குவா.

ஏழும் முடிஞ்சுது. கெட்டுப் போன எட்டாவதையும் விடல. அதையும் அதே ஆழத்துக்கு வெட்டி, உசந்த கரையைத் தேச்சுத் தேச்சு இறக்கினா. முக்காவாசி சரியாச்சு. ஆனா விரலை வச்சா தெரியும்.

பலகையெல்லாம் என் பையன் வீட்டுக்குப் போச்சு. நாங்களும் போனோம். அவன் எடுத்துப் பாக்கறதுக்கு முன்னாடியே இவ கெட்ட பலகையை எல்லாத்துக்கும் மேல வச்சு, "இது பிசகிடுச்சு. மத்த ஏழும் சரி"ன்னு சொல்லிட்டா.

அவன் ஏழையும் முனையோட முனை வச்சுக் கட்டைவிரலால தடவினான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தான். தட்டவே இல்ல. அவன் புருவம் மேல போச்சு. எட்டாவதைத் தடவினான். விரல் தட்டுச்சு.

"அத்தை... ஒண்ணு பிசகினாலும்னு..."

"தெரியும். சொன்ன வார்த்தை வார்த்தைதான். இன்னைக்கே மெஷினைக் கழட்டிடறேன்"னுட்டு வெளிய கிளம்பிட்டா.

என்னால அதுக்கு மேல வாயைக் கட்ட முடியல. "டேய், அந்த மேஜை மேல கட்டையை நேராக்கினது நீதானே?"

"ஆமாம்மா. கோணலா மாட்டி இருந்தாங்க. டேப் வச்சு அளந்து நேரா வச்சேன். ஏன்?"

ஏன்னு கேக்கறான்! அந்த மூஞ்சில ஒரு பெருமை வேற.

"கோணலா இருந்தாத்தான்டா வளைவு வரும்! உன் அத்தை நாலு மணி நேரம் கண்ணால பாத்து வச்ச கோணத்தை நீ கலைச்சுட்டுப் போயிட்ட. அதைத் தேடறதுலதான் அந்த ஒண்ணு கெட்டுச்சு."

அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "அத்தை ஏன் சொல்லல?"

"உன்னை மாதிரி இல்ல அவ."

என் மருமக அதுவரைக்கும் அடுக்களை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. கம்மியாப் பேசுவா, ஆனா பேசினா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். வந்து எட்டாவது பலகையைத் தூக்கி, திரைச்சீலைக்கு மேல இருக்கிற செவுத்துல வச்சுக் காட்டினா. "இங்க அடிச்சா எவன் கண்ணுக்கும் தெரியாது. சின்ன அத்தை அவசரப்பட்டாங்க, பாதி தப்பு. நீங்க அடுத்தவங்க மேஜையில கை வச்சீங்க, பாதி தப்பு. பாதி ஷெட்டு அவங்களுக்கு, பாதி உங்களுக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"எங்கிட்ட கேக்காமயே தீர்ப்பா?"ன்னான் என் பையன்.

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் செருப்பை மாட்டிக்கிட்டான்.

நாங்க ஷெட்டுக்குப் போனப்ப இவ ஸ்பேனரை வச்சு போல்ட்டைத் திருகிக்கிட்டு இருந்தா. துருப்பிடிச்சது, அசையல. அவன் போய்ப் பக்கத்துல குத்துக்காலிட்டு உக்காந்து ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டான். திருகல.

"விடு"ன்னா.

"இருக்கட்டும் அத்தை."

"இரக்கப்பட்டு ஒண்ணும் தர வேணாம்."

"இரக்கம் இல்ல. ஏழு பலகை... நான் டைல்ஸ் போட்டாக்கூட ஒரு இடத்துல தட்டும். அந்த ஏழும் தட்டல." மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வரல. அவங்க அப்பாவுக்கும் வராது. "பாதி இடம் போதும் எனக்கு. பெட்டியை இந்தப் பக்கம் அடுக்கிக்கறேன்."

அவ ஸ்பேனரை விட்டுட்டா. அப்புறம், "எந்தப் பக்கம்?"னா.

அவன் சந்தோஷமா எந்திரிச்சு, சாக்பீஸை எடுத்து, ஷெட்டு நடுவுல இந்தச் செவுத்துலேந்து அந்தச் செவுத்துக்கு ஒரு கோடு போட்டான். அளந்து.

"அது ஆகாது"ன்னா. "நான் பலகையைக் கோணலாத் தள்ளணும். நீளப் பலகை இந்த மூலையிலேந்து கிளம்பி அந்த மூலைக்குப் போய்த்தான் வெளிய வரும். உன் கோட்டுல அடுக்கினா பலகை உன் பெட்டியில போய் முட்டும்."

"அப்ப மெஷினைத் திருப்பிப் போட்டுக்கலாம்."

"திருப்பினா நேரா அறுக்க இடம் இல்ல. அதோட, புது போல்ட்டுக்கு உன் தரையை உடைக்கணும். உடைக்கவா?"

தரையைப் பாத்தான். அவன் போட்ட தரை. தலையைச் சொறிஞ்சான். அப்புறம் போட்ட கோட்டைச் செருப்பால அழிச்சுட்டு, ஒரு மூலையிலேந்து எதிர் மூலைக்குக் கோணலா கோடு போட்டான். போட்டுட்டு, அது நேராத் தெரியுதான்னு தலையைச் சாய்ச்சுப் பாத்தான். சிரிப்பை அடக்கறதுக்குள்ள எனக்குப் புரையேறிடுச்சு.

இப்ப டைல்ஸ் பெட்டியெல்லாம் அங்க படிக்கட்டு மாதிரி ஒண்ணுக்கு ஒண்ணு தள்ளித் தள்ளி அடுக்கி இருக்கு. வேலைக்குக் கிளம்பும்போது பெட்டி எடுக்க வருவான். அந்த நேரம் பெரும்பாலும் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும். அத்தைன்னு ஒரு தடவ கூப்பிடுவான். அவ திரும்ப மாட்டா, பலகையிலேந்து கண்ணை எடுக்க மாட்டா. அவன் வாசல்லயே நின்னுக்குவான். பலகை முழுசா மூலையில வெளிய வந்து, பிளேடு நின்னப்புறம்தான் அவ சொல்லுவா, "ம், உள்ள வாடா."